திருமேசைக்குப் பின்னால் நிற்கப் போகிறவளுக்கு

கிறிஸ்துவுக்குள் பிரியமான மருமகளுக்கு,

அத்தை எழுதிக்கொள்வது. மூட்டுவலியால் கோயிலில் முழங்கால்படியிட முடியவில்லை. நாற்காலியில் இருந்தபடியே தலையைக் குனிந்துகொள்கிறேன். மற்றபடி குறை ஒன்றும் இல்லை.

உனக்குக் குருப்பட்டம் கொடுக்கும் தேதி முடிவாகிவிட்டது என்று உன் அப்பா போனில் சொன்னான். நம் குடும்பத்தில் உபதேசியார் இருந்திருக்கிறார்கள், வாத்தியார்கள் நிறைய உண்டு, மணி அடித்து விளக்கேற்றிய கோயில்பிள்ளையும் உண்டு. குருவானவர் நீதான் முதல். தென்னிந்தியத் திருச்சபையில் முதன்முதலாக ஒரு பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடுத்தது 1976-இல். அந்தச் செய்தி வந்தபோது நம் ஊர்ப் பெரியவர்கள் பேசியதெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. நல்லதாக அதிகம் பேசவில்லை. 2013-இல் நந்தியாலுக்கு ஒரு பெண்ணையே பேராயராக அபிஷேகம் பண்ணினார்கள். இப்போது நம் வீட்டுப் பிள்ளை.

நீ வாட்ஸாப்பில் கேட்டதற்கு அதிலேயே பதில் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால்தான் தாளை எடுத்தேன். உனக்குக் கொடுத்திருக்கும் சேகரத்தில் வாலிபர்கள் புத்தகத்தைப் பார்த்து வாசிக்கும் ஆராதனை சலிப்பாக இருக்கிறது என்கிறார்களாம். பக்கத்து ஊரில் புதிதாக வந்த சபைக்குப் பாதிப் பேர் போய்வருகிறார்களாம். கமிட்டியிலோ எப்படியாவது ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியுங்கள் என்கிறார்களாம். "எதைக் குறைக்கலாம் அத்தை?" என்று கேட்டிருக்கிறாய். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் படித்தவளுக்கு நான் இறையியல் சொல்ல முடியாது. ஆனால் நீ மேசைக்குப் பின்னால் நிற்கப் போகிறாய். நான் வாழ்நாள் முழுவதும் மேசைக்கு முன்னால் இருந்தவள். அங்கிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. ஆராதனை முறை சபையாருடைய சொத்து. குருவானவருடையது அன்று. அதில் குருவானவர் சொல்லும் பகுதி இருக்கிறது, சபையார் சொல்லும் பகுதி இருக்கிறது. இரண்டும் அச்சில் இருப்பதால்தான் எங்கள் பகுதியை யாரும் எங்களிடமிருந்து எடுக்க முடியவில்லை.

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் தெரியுமா? சபைத் தேர்தல் முடிந்த சமயங்களில் கோயிலுக்குள் என்ன நடக்கும் என்று உனக்கும் தெரியும். அப்படி ஒரு வருஷம், ஒரு சபையில், பிரசங்க பீடத்தில் நின்றவர் வாரம் தவறாமல் எதிர்க்கட்சிக்காரர்களைக் குத்திக்கொண்டே இருந்தார். வசனம் எதுவாக இருந்தாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும். கோயிலுக்குப் போய் மனம் கசந்து திரும்பிய நாட்கள் அவை. ஆனால் அதே ஞாயிற்றுக்கிழமைகளில், அவர் பேசுவதற்கு முன்பாக, அவரும் நாங்களும் சேர்ந்து பாவ அறிக்கை செய்தோம். அவருடைய கட்சியும் எதிர்க்கட்சியும் ஒரே வாயாக, நாங்கள் தவறிவிட்டோம் என்று சொன்னார்கள். அன்றைக்குரிய சங்கீதத்தை வாசித்தோம். பழைய ஏற்பாடும் நிருபமும் சுவிசேஷமும் அட்டவணையில் இருந்தபடியே வாசிக்கப்பட்டன. அவருக்குப் பிடித்த பகுதி எது, பிடிக்காதது எது என்று அந்த அட்டவணை கேட்கவில்லை. பிரசங்கம் எங்களை என்ன செய்தாலும், அதற்கு முன்னும் பின்னும் இருந்தவை எங்களைக் காப்பாற்றின. எல்லாவற்றையும் குருவானவரின் வாய்ச் சொல்லுக்கே விட்டிருந்தால் அந்த வருஷம் எங்களுக்குச் சாப்பாடே இருந்திருக்காது.

மனதிலிருந்து வரும் ஜெபம்தான் உண்மையான ஜெபம் என்று உன் வாலிபர்கள் சொல்வார்கள். நானும் மனதிலிருந்து ஜெபம் பண்ணுகிறவள்தான். வீட்டு ஜெபத்தில், உபவாச ஜெபத்தில், சமையற்கட்டில். ஆனால் மனதில் ஒன்றுமே இல்லாத நாள் வரும். உன் மாமாவை அடக்கம் பண்ணின அன்று எனக்குள் ஒரு சொல்கூட இல்லை. கர்த்தரிடம் கோபம்கூட இல்லை. வெறும் வெறுமை. கல்லறைத் தோட்டத்தில் ஐயர் அடக்க ஆராதனை முறையை வாசித்தார், சுற்றி நின்றவர்கள் பதில் சொன்னார்கள், என் உதடும் தானாகவே அசைந்தது. எத்தனையோ பேரை அடக்கம் பண்ணும்போது நான் சொன்ன அதே பதில். அன்று எனக்கு விசுவாசம் இருந்ததா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. சபைக்கு இருந்தது. அவர்கள் அதை எனக்காகவும் சேர்த்துச் சொன்னார்கள். அந்த இடத்தில் யாராவது ஒருவர் புதிதாக, உருக்கமாக ஜெபம் பண்ணியிருந்தால் நான் அவரை வேடிக்கைதான் பார்த்திருப்பேன்.

புத்தகத்தைப் பார்த்து வாசிப்பது என்று அந்தப் பிள்ளைகள் சொல்கிறார்களே, நம் ஊரில் அது புத்தகமாகத் தொடங்கவில்லை, காதால் தொடங்கியது. 1549-இல் இங்கிலாந்தில் பேராயர் கிரான்மர் ஜெப புத்தகத்தைத் தொகுத்தபோது, மடங்களில் துறவிகள் நாளெல்லாம் பல வேளை சொல்லிவந்த ஜெபங்களைச் சாதாரண ஜனங்களுக்காகக் காலை ஒன்று, மாலை ஒன்று என்று இரண்டாக்கினார். 150 சங்கீதங்களையும் முப்பது நாளுக்குப் பிரித்து வைத்தார்கள். வேப்பேரியில் இருந்த ராட்லர் ஐயர் அந்தப் புத்தகத்தைத் தமிழாக்கினார். அது திருநெல்வேலிச் சீமைக்கு வந்து, பனங்காட்டு ஊர்களில் என்ன ஆனது என்று யோசித்துப் பார். எழுத்துத் தெரியாத பனையேறிகளும் அவர்கள் வீட்டுப் பெண்களும் பொழுது சாய மணிச் சத்தம் கேட்டுக் கோயிலுக்கு வந்து, பாய் விரித்த தரையில் ஆண்கள் ஒரு பக்கம் பெண்கள் ஒரு பக்கமாக உட்கார்ந்து, உபதேசியார் ஒரு வசனம் சொல்ல அடுத்ததைத் தாங்கள் சொன்னார்கள். உன் ஆச்சிக்குக் கையெழுத்துப் போடத்தான் தெரியும். ஆனால் அடுப்பு ஊதும்போது சங்கீதம் சொல்லுவாள், அதுவும் நாள் கணக்குப் பிசகாமல். பதினைந்தாம் தேதி மாலை என்றால் அவளுக்கு நீளமான அந்த 78-ஆம் சங்கீதம். துறவிகளுக்கென்று இருந்த ஒன்று ஒரு குடிசை அடுப்படிக்கு வந்து சேர்ந்தது. படிப்பு மறுக்கப்பட்ட ஜனங்கள் எந்த வாசிப்பும் இல்லாமலே கையில் ஒரு வேதத்தை வைத்திருந்தார்கள். ஒரே ஜெபத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னதால்தான் அது நடந்தது. வாரம் ஒரு புதுப்பாட்டு, வாரம் ஒரு புது ஜெபம் என்றிருந்தால் ஆச்சிக்கு எதுவும் மிஞ்சியிருக்காது.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கொடுத்ததுதானே என்றும் அந்தப் பிள்ளைகள் கேட்பார்கள். கேட்கட்டும். அவர்களுக்கு 1950-ஆம் வருஷத்துக் கதையைச் சொல். நீ பரீட்சைக்குப் படித்ததுதான், ஆனாலும் ஆராதனையில் உட்காருகிறவளின் கண்ணால் ஒருமுறை பார்.

1947 செப்டம்பர் 27-ஆம் தேதி, நாடு விடுதலையாகி ஆறு வாரம்தான் ஆகியிருந்தது, சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் மூன்று சபைக்காரர்கள் ஒன்றானார்கள். ஆங்கிலிக்கன்கள் ஜெப புத்தகத்தைக் கையில் வைத்தவர்கள். மெதடிஸ்டுகள் பாட்டில் வளர்ந்தவர்கள். 1908-இலேயே ஒன்றுசேர்ந்திருந்த பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபையார் புத்தகம் இல்லாமல் ஜெபித்துப் பழகியவர்கள். உலகத்தில் வேறெங்கும் அதுவரை பேராயர்கள் உள்ள சபையும் பேராயர்களே வேண்டாம் என்ற சபையும் இப்படிச் சேர்ந்ததில்லை. சேர்ந்தபோது எந்தச் சபையின் பழைய ஆராதனையையும் தடுக்கக் கூடாது, புதியதை யார்மேலும் திணிக்கக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதிக்கொண்டார்கள். அந்தப் பெருந்தன்மையை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் நிறைகிறது. ஆனால் எல்லோரும் கூடும் சினாடில் எந்த முறையில் திருவிருந்து எடுப்பது? அதற்காகத்தான் புது முறை ஒன்றை எழுதினார்கள். 1950-இல் மதுரையில் கூடிய சினாடில் அது முதன்முதலாக நடத்தப்பட்டது. நீ ஐந்து வருஷம் நடந்து திரிந்த அதே மதுரை.

அந்த முறையை எழுதிய குழுவில் முன்னின்றவர் லெஸ்லி பிரவுன். கேரளத்தில் இறையியல் கற்பித்தவர், பிற்பாடு உகாண்டாவுக்குப் பேராயராகப் போனவர். தோமா கிறிஸ்தவர்களைப் பற்றிப் புத்தகமே எழுதியவர், அவர்களுடைய சிரியன் ஆராதனையை நெருங்கி அறிந்தவர். அதனால் அந்த முறைக்குள் கிழக்கத்தித் திருச்சபையின் பரிசுத்தர் துதி வந்தது. கர்த்தருடைய மரணத்தையும் உயிர்ப்பையும் வருகையையும் சபையார் வாய்விட்டு அறிக்கையிடும் பதில், ஸ்தோத்திர ஜெபத்தின் நடுவிலேயே வந்தது. அப்பம் பிட்பதற்கு ஆயத்தமாகும்போது, சீஷர்கள் நடுவில் இருந்ததுபோல எங்கள் நடுவிலும் இரும் என்று இயேசுவைக் கூப்பிடும் ஜெபம் ஸ்பெயின் தேசத்துப் பழைய முறையிலிருந்து எடுத்தது. பாவ அறிக்கையின் சாயல் ஜெப புத்தகத்தினுடையது. சபையாருடைய தேவைகளை அந்தந்த நேரத்தில் சொந்த வார்த்தையில் சொல்லி ஜெபிக்க இடம் விட்டது மற்றவர்களின் பழக்கம். குருவானவர் சுவரைப் பார்த்து நிற்காமல் மேசைக்குப் பின்னால் வந்து சபையாரைப் பார்த்து நின்றார். ரோமன் கத்தோலிக்கச் சபையில் அது பொதுவழக்கமாக வந்தது 1960-களில். மேல்நாட்டு ஆங்கிலிக்கன் சபைகள் தங்கள் முறைகளைத் திருத்தியபோது தென்னிந்தியாவில் எழுதிய இந்த முறையைப் படித்துத்தான் திருத்தினார்கள். கற்றுக்கொடுத்தவர்களுக்கே திரும்பக் கற்றுக்கொடுத்த ஆராதனை நம்முடையது. இதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை என்பதுதான் என் வருத்தம்.

இப்போது நான் மிகவும் சொல்ல விரும்பும் இடத்துக்கு வருகிறேன். சமாதானம் கொடுத்தல்.

அதை எப்படிச் செய்ய வேண்டும் என்று அந்த முறை எழுதியவர்கள் நினைத்தார்கள் என்பது உனக்குத் தெரியும். குருவானவர் தன்னோடு மேசையருகே நிற்பவர்களுக்குக் கொடுக்கிறார். அவர்கள் இறங்கி வந்து முதல் வரிசையில் இருப்பவருக்குக் கொடுக்கிறார்கள். அவர் அடுத்தவருக்கு. இப்படியே கடைசி ஆள்வரை. கொடுக்கிறவர் தன் வலது உள்ளங்கையை வாங்குகிறவருடைய வலது உள்ளங்கையோடு சேர்க்கிறார். பிறகு இருவரும் அவரவர் இடது கையால் மற்றவரின் வலது கையை மூடிக்கொள்கிறார்கள். சிரியன் சபையார் கையால் கைக்குக் கொடுத்துவந்த பழக்கத்திலிருந்து வந்தது இது.

இப்போது எத்தனை கோயில்களில் அப்படி நடக்கிறது? நான் போய்ப் பார்த்த இடங்களில் பெரும்பாலும் எல்லோரும் நின்ற இடத்திலேயே சுற்றித் திரும்பிக் கும்பிடு போட்டுவிட்டு உட்காருகிறார்கள். சீக்கிரம் முடிகிறது. யாரும் யாரையும் தொடுவதில்லை.

மருமகளே, நம் மண்ணில் தொடுவது என்றால் என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் கோயிலுக்குள் சாதி வேற்றுமை உடனே ஒழிய வேண்டும் என்று கடிதம் எழுதினார். அப்படி எழுத வேண்டியிருந்தது ஏனென்றால் தனித்தனியாக உட்காருவதும், திருவிருந்தில் யார் முந்தி யார் பிந்தி என்பதும் தமிழ்க் கோயில்களில் அந்த அளவுக்கு ஊறியிருந்தது. அந்தக் கடிதத்துக்குப் பிறகு வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் கோபித்துக்கொண்டு கோயிலை விட்டுப் போனவர்கள் எத்தனையோ குடும்பம். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளை நான் சின்ன வயதிலிருந்து பாடுகிறேன், அவை இல்லாத கிறிஸ்மஸ் எனக்குக் கிடையாது. அவரும் இந்த விஷயத்தில் பழைய வழக்கத்தின் பக்கம்தான் நின்றார். அதை மறைத்துவிட்டு அவருடைய பாட்டைப் பாட எனக்கு மனமில்லை. இரண்டையும் தெரிந்துகொண்டே பாடுகிறேன். நமக்குப் பக்கத்து வடக்கன்குளத்தில் கத்தோலிக்கர் கட்டிய கோயிலைப் பார்த்திருப்பாய். ஒரே பலிபீடம், அதை நோக்கி இரண்டு தனித்தனிக் கூடங்கள், இரண்டு பக்கத்தாரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் பூசை காண்பதற்காக. 1910-இல் தடுப்பை இடித்தார்கள், அதை எதிர்த்து வழக்கு உயர் நீதிமன்றம்வரை போனது. யார் எங்கே உட்காரலாம் என்பதற்காகக் கிறிஸ்தவர்கள் கோர்ட்டுக்குப் போன ஊர் நமக்குப் பக்கத்து ஊர்.

அப்படிப்பட்ட ஜனங்களின் ஆராதனைக்குள், அப்பத்தைத் தொடுவதற்கு முன்னால் உன் பக்கத்தில் இருக்கிறவன் கையைத் தொடு என்று 1950-இல் ஒருவர் எழுதி வைத்தாரே, அதை வெறும் சடங்கு என்று எப்படிச் சொல்வாய்? சாதி ஒழிக என்று ஆயிரம் பிரசங்கம் பண்ணலாம், கேட்கிறவன் தலையாட்டிவிட்டுப் போவான். சமாதானம் கொடுக்கும்போது அவன் கையை நீட்டியாக வேண்டும். நீட்டுகிறானா இல்லையா என்பது அவனுக்கும் தெரியும், பக்கத்தில் இருக்கிறவனுக்கும் தெரியும். நீ போகும் சேகரத்தில் தெற்குத் தெரு, வடக்குத் தெரு என்று எப்படியும் இருக்கும். யார் எந்த வரிசையில் உட்காருகிறார்கள் என்று முதல் மாதம் சும்மா பார்த்துக்கொண்டிரு. பிறகு நீயே இறங்கிப் போ. மேசையை விட்டு இறங்கி, கடைசி வரிசையில் வாசல் பக்கத்தில் உட்காருகிறவர்கள்வரை நடந்து போய் உன் கையால் கொடு. பத்து நிமிஷம் ஆகும். ஆகட்டும்.

பாத்திரமும் அப்படித்தான். கொரோனாவுக்குப் பிறகு பல சபைகளில் ஒரே பாத்திரத்திலிருந்து குடிப்பது நின்று, சின்னச் சின்னக் கிண்ணங்கள் வந்துவிட்டன. சில இடங்களில் அப்பத்தைத் தோய்த்துக் கொடுக்கிறார்கள். நோய்ப் பயம் எனக்கும் புரிகிறது, நானே வயதானவள். ஆனால் பயம் போன பிறகும் கிண்ணம் மட்டும் ஏன் தங்கிவிட்டது என்று யாராவது கேட்க வேண்டும். தோய்த்துக் கொடுத்தாலும் பாத்திரம் ஒன்றாகவே இருக்கட்டும் என்பது என் எண்ணம். கமிட்டியோடு இதற்காகச் சண்டை போடாதே, மெதுவாகப் பேசு.

மாற்றமே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதே. உன் கல்லூரியில் இருந்த பறட்டை ஐயா, தியோபிலஸ் அப்பாவு, 1990-களில் இதே திருவிருந்து முறையை எடுத்துக் கிராமிய இசையில் போட்டாரே, அதைக் கேட்டபோது நான் அழுதிருக்கிறேன். சாவுக்கு அடிப்பது என்று கோயில் வாசலோடு நிறுத்திவைத்திருந்த பறையை உள்ளே கொண்டுவந்தார். அறுப்பிலும் நடவிலும் பாடுகிற மெட்டில் பாவ அறிக்கையும் விசுவாசப் பிரமாணமும் வந்தன. பாமாலையின் இங்கிலீஷ் ராகத்துக்கு வாய் திறக்கக் கூச்சப்பட்ட கிழவிகள் அதைச் சத்தமாகப் பாடினார்கள். திருவிருந்தை ஒரே உலையில் பொங்கிச் சேர்ந்து உண்ணும் சாப்பாடாக அவர் விளங்கப்படுத்தினார். முறையின் எலும்பை அவர் ஒடிக்கவில்லை. சபையார் பதில் சொல்லும் இடங்கள் அவரிடம் கூடினவே தவிரக் குறையவில்லை. உன் வாலிபர்கள் கிட்டாரும் டிரம்ஸும் கொண்டுவரட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. பாடும் குழு பாட, மற்றவர்கள் திரையைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கிறார்கள் என்றால் மட்டும் நிறுத்து. எந்தப் புதுமையையும் நான் அப்படித்தான் பார்ப்பேன். அது வந்த பிறகு, இதுவரை வாய் திறக்காத யாராவது வாய் திறந்தார்களா? முன்பு பதில் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் ஊமையாகிப் போனார்களா?

சரி, எதைக் குறைக்கலாம் என்று கேட்டாயே. சொல்கிறேன். அறிவிப்பைக் குறை. சங்கக் கூட்டம், சுற்றுலா, சந்தா எல்லாவற்றையும் வாசலில் ஒட்டிவிடலாம். ஸ்தோத்திரக் காணிக்கை கொடுத்தவர்களின் பெயரையும் தொகையையும் வாசிக்கிறார்களே, அதை அடியோடு விடு. நூறு ரூபாய் கொடுத்தவள் பத்தாயிரத்தைக் கேட்டுத் தலைகுனிந்து உட்கார வேண்டிய இடமல்ல அது. விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்துவதை ஆராதனைக்கு வெளியே வைத்துக்கொள்ளச் சொல். மேசைக்கு முன்னால் நின்று எம்.எல்.ஏ.வுக்குச் சால்வை போர்த்தியதை நான் பார்த்திருக்கிறேன், என் வயிறு எரிந்தது. சிறப்புப் பாடல் ஒன்று போதும். பிரசங்கத்தை இருபது நிமிஷத்தில் முடி. இவ்வளவும் செய்தால் கமிட்டி கேட்ட ஒன்றரை மணி நேரத்துக்குள் முழு முறையும் அடங்கும், நீ சமாதானம் கொடுக்க நடக்கும் பத்து நிமிஷமும் சேர்த்து.

மூன்று வாசகத்தையும் விடாதே. நேரம் இல்லை என்று பழைய ஏற்பாட்டைத்தான் முதலில் வெட்டுவார்கள். வாசிப்பதற்கு எப்போதும் அதே வாத்தியாரைக் கூப்பிடாதே. எட்டாம் வகுப்புப் பிள்ளை தட்டுத் தடுமாறி வாசிக்கட்டும், அதை அந்த வீட்டார் உயிரைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள். முந்தின நாளே பகுதியைக் கொடுத்து இரண்டு தடவை வாசித்துப் பார்க்கச் சொல். லேவியராகமம் வந்தாலும் மாற்றிவிடாதே. மன்றாட்டு வேளையில் பெண்கள் பக்கத்திலிருந்து வியாதிக்காரரின் பேரைச் சொல்லச் சொல். வெளிநாட்டில் வேலைக்குப் போனவன், கடலுக்குப் போனவன், குடியை விட முடியாதவன், எல்லார் பேரும் அங்கே வரட்டும். வாலிபர்கள் கேட்கும் மனதின் ஜெபத்துக்கு அந்த முறைக்குள்ளேயே இடம் இருக்கிறது. நாம் அந்த இடத்தை நிரப்பாமல் விட்டதால்தான் அவர்கள் வேறிடம் தேடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. லெந்து நாட்களில் வெள்ளிக்கிழமை தெரு ஜெபத்துக்கு நீயே போய்ச் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து பார், அப்போது இன்னும் விளங்கும்.

நீ போய்ச் சேரும்போது அறுப்பின் பண்டிகை நெருங்கியிருக்கும். நம் பக்கத்துப் பண்டிகை எப்படி என்று மதுரையில் இருந்து நீ மறந்திருக்கலாம். நெல் கொண்டுவந்தது ஒரு காலம். இப்போது வாழைத்தார், முருங்கைக்காய், கருப்பட்டி, சேவல், ஒருத்தி சுட்ட முறுக்கு, தையல்காரர் தைத்த சட்டை, எல்லாம் மேசைக்கு முன்னால் வந்து குவியும். ஆராதனை முடிந்ததும் ஏலம். ஒரே பூசணிக்காயை நாலு பேர் மாறி மாறி ஏலம் எடுத்துத் திரும்பவும் கோயிலுக்கே கொடுப்பார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டு இது என்ன சந்தையா என்று முகம் சுளிக்காதே. பிடி அரிசி எடுத்துவைத்துக் கோயில் கட்டின ஜனங்கள் அவர்கள். சமைக்க அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடியைத் தனிப் பானையில் போட்டு, வாரக் கடைசியில் கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். காசு பார்க்காத பெண்களுக்கும் காணிக்கை கொடுக்கும் உரிமை இருந்தது அந்தப் பானையால்தான். உன் சேகரத்தில் அந்தப் பழக்கம் நின்று போயிருந்தால் பெண்கள் ஐக்கியச் சங்கத்தாரிடம் பேசி மறுபடி தொடங்க முடியுமா என்று பார்.

அசனத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்கிறேன். ஊரே உட்கார்ந்து சாப்பிடும் அந்தச் சாப்பாட்டைப் பிரதிஷ்டைப் பண்டிகையின் ஓரத்தில் நடக்கும் விருந்து என்று வைத்துவிடாதே. காலையில் நீ மேசையில் பிட்டுக் கொடுத்ததன் மிச்சம்தான் மத்தியானம் இலையில் விழுகிறது. யார் சமைக்கிறார்கள், யார் பரிமாறுகிறார்கள், எந்தப் பந்தியில் யார் உட்காருகிறார்கள் என்று விசாரி. பெரியவர்களுக்குத் தனிப் பந்தி போட்டு உன்னை அங்கே கூப்பிடுவார்கள். நீ முதல் பந்தியில் பொதுப் பாயில் போய் உட்கார்ந்துவிடு. ஆயரம்மாவை யாரும் எழுந்திரு என்று சொல்ல மாட்டார்கள். அடுத்த வருஷம் தனிப் பந்தி தானாகவே குறையும்.

குருப்பட்டத்துக்கு நான் வருகிறேன், வண்டிக்கு உன் அப்பனிடம் சொல்லிவிட்டேன். வெள்ளைப் புடவை ஆறு கஜமா ஒன்பது கஜமா என்று உன் அம்மாவோடு பேசி எனக்குத் தகவல் சொல், திருநெல்வேலியில் எடுத்து அனுப்புகிறேன். தோளில் போடும் ஸ்டோலை நானே தைக்கிறேன் என்று சொன்னேன் அல்லவா, பச்சை முடிந்துவிட்டது, ஊதா பாதியில் இருக்கிறது. வெள்ளைக்கும் சிவப்புக்கும் துணி வாங்க வேண்டும். சிவப்பு பெரும்பாலும் பெந்தெகொஸ்தேக்குத்தான் என்பதால் அது கடைசியில் வந்தால் போதும் என்று நினைக்கிறேன், உனக்கு முன்னமே வேண்டுமென்றால் எழுது. ஓரத்தில் சிலுவை மட்டும் வைக்கவா, பனை ஓலையும் சேர்க்கவா என்பதையும் சொல்.

கர்த்தருக்குள் அன்புள்ள,
அத்தை